சிவப்புத் துணி கட்டிய கிளை

மாவு மிஷின் ஓடும்போது பாக்கியத்தம்மாளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டாலும் காதில் விழாது. மிஷினை நிறுத்தி, முகத்தில் படிந்த மாவை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "ம், சொல்லுங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் வாயைத் திறக்கலாம். நகரத்தின் வடக்குக் கோடியில் இருக்கும் அந்தச் சின்ன மிஷினுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மாவுக்காக வருகிறவர்கள் இல்லை, மனசில் இருப்பதைச் சொல்லி வழி கேட்க வருகிறவர்கள். கையில் ஒரு டப்பா இருக்கும், அவ்வளவுதான்.

ஏகாம்பரம் ஒன்பது வருஷமாக அப்படி வருகிறவர். அவருக்கு ஐம்பத்தாறு வயது, அம்மாளுக்கு நாற்பத்து மூன்று. "தங்கச்சி வயசுய்யா அவங்க, போயும் போயும் அம்மாங்கிறியே" என்று ஆபீசில் கிண்டல் செய்வார்கள். இவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

பாதாள சாக்கடை மூடிகளைப் பார்வையிடுவது அவர் வேலை. நானூற்றுப் பன்னிரண்டு மூடிகள் அவர் பொறுப்பு. மழைக்காலத்துக்கு முன்னால் ஒவ்வொன்றையும் கம்பியால் தட்டிப் பார்க்க வேண்டும். காலை வைத்து ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். போனில் படமெடுத்து ஆபீசுக்கு அனுப்ப வேண்டும்.

அன்றைக்கு அவர் டப்பாகூட இல்லாமல் வந்தார். தலை மொட்டை. மிஷின் நிற்கும்வரை சுவரோரமாக நின்றார்.

"அம்மா, ஒரு தப்பு பண்ணிட்டேன். அதை எப்படிக் கழிக்கிறதுன்னு தெரியலை."

"மொட்டை போட்டிருக்கீங்க போல."

"அதுக்காகத்தான் போட்டேன்."

"முடி என்ன பண்ணுச்சு, பாவம்" என்றார் அம்மாள். "நடந்ததைச் சொல்லுங்க சார்."

சொன்னார்.

தறிக்காரத் தெரு முனையில் ஒரு மூடி. ஓரத்தில் ஒரு சாண் உடைந்து போய், மிதித்தால் ஒரு பக்கம் தூக்கும். புது மூடி கேட்டு எழுதியிருந்தார், வரவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் அந்த உடைப்பில் வேப்பங்கிளை ஒன்றைச் செருகி, உச்சியில் சிவப்புத் துணி கட்டி வைத்திருந்தார். நம் ஊரில் எல்லாத் தெருவிலும் நடப்பதுதான். கிளையைப் பார்த்தால் வண்டி ஒதுங்கும், ஆளும் ஒதுங்குவான்.

ஏகாம்பரம் அந்த மூடியைப் படமெடுத்து அனுப்பினார். படம் திரும்பி வந்துவிட்டது. கிளை தெரிகிறதாம். எல்லா மூடியும் சரியாக இருக்கிறது என்று சாயங்காலத்துக்குள் மேலே காட்டியாக வேண்டும், கிளை இல்லாமல் ஒன்று எடுத்து அனுப்புங்கள் என்றார்கள். இவரும் கிளையைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார். உடைந்த பக்கம் தெரியாதபடி சாய்ந்து நின்று ஒரு படம் எடுத்தார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. பேசிக்கொண்டே வண்டியைக் கிளப்பிவிட்டார்.

"திரும்பச் செருகிட்டுப் போகணும்னு நினைச்சு மறந்தேனா, இல்லை நினைக்கவே இல்லையான்னுகூட ஞாபகம் வரலைம்மா. அதுதான் என்னை அரிக்குது."

மூன்றாம் நாள் நல்ல மழை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வீடுகளுக்கு வாட்டர் கேன் போடுகிற அருள்தாஸ் அந்தக் குழிக்குள் போய்விட்டார். அக்கம்பக்கத்தார் இழுத்துப் போட்டு உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. இனிமேல் பாரம் தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விசாரணை என்று ஒன்று நடந்தது. மழைதான் காரணம், ஏகாம்பரத்தின் மேல் தவறு இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

"அந்தக் காகிதம் கைக்கு வந்த அன்னையிலேருந்து சோறு இறங்க மாட்டேங்குது."

"அருள்தாஸைப் போய்ப் பார்த்தீங்களா?"

"எந்த முகத்தை வச்சுக்கிட்டும்மா போறது?"

அம்மாள் சல்லடையைத் தூணில் இரண்டு தட்டு தட்டினார்.

"அந்தக் கிளை எங்க?"

"எது?"

"நீங்க பிடுங்கிப் போட்டது."

"அங்கேயேதான் கிடக்கும்."

"அது உங்க பொருளா?"

"இல்லை."

"அப்ப எடுத்துட்டுப் போய், வச்சவங்க யாருன்னு விசாரிச்சு அவங்க கையில குடுங்க. அப்புறம் என்கிட்ட வாங்க."

மிஷினைப் போட்டுவிட்டார். அதற்குமேல் பேச முடியாது.

மறுநாள் காலையில் ஏகாம்பரம் தறிக்காரத் தெருவுக்குப் போனார். விபத்து நடந்த அன்றைக்கு வைத்த இரும்புத் தடுப்பை அதற்குள் வேறு எங்கேயோ தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். கிளை மட்டும் வெள்ளத்தில் போகாமல் சுவரோரக் குழாயில் சிக்கி, போட்ட இடத்திலேயே கிடந்தது. இலையெல்லாம் உதிர்ந்துவிட்டது. துணியில் சேறு அப்பிக் காய்ந்திருந்தது. குனிந்து அதைக் கையில் எடுத்தார். வேறு எதையும் பார்க்காமல், எதிரே இஸ்திரி வண்டி வைத்திருக்கும் குப்பம்மாளிடம் போய் நின்றார்.

"இந்தக் கிளையை இங்க வச்சது யாரும்மா, தெரியுமா?"

"தெரியாம என்ன? துணியே என்னுதுதான். பழைய பாவாடையில கிழிச்சுக் குடுத்தேன். வச்சது நம்ம கேன்காரன்."

"எந்தக் கேன்காரர்?"

"இந்தத் தெருவுக்கு எத்தனை கேன்காரன் இருக்கான்? அருள்தாஸுதான். ஊருக்கெல்லாம் அடையாளம் வச்சான். எந்தக் கட்டையில போறவனோ புடுங்கிப் போட்டுட்டான், கடைசியில அவனே உள்ள போயிட்டான்."

ஏகாம்பரம் வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பக்கம் பிடிக்காதய்யா, கரி இருக்கு, சுட்டுடும்" என்றாள் குப்பம்மாள். "தண்ணி ஏதாச்சும் குடிக்கிறியா?"

வேண்டாம் என்று தலையாட்டினார். வீட்டுக்கே திரும்பிப் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அம்மாள் சொல்லிவிட்டார். குப்பம்மாளிடம் வீட்டை விசாரித்து, கிளையைப் பிடித்துக்கொண்டு நாலு தெரு நடந்தார். மொட்டைத் தலையும் கையில் கிளையுமாகப் போகிறவரைப் பார்த்து, ஏதோ வேண்டுதல் போல என்று ஜனங்கள் வழிவிட்டார்கள்.

ஒரே அறை கொண்ட வீடு. அருள்தாஸ் கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தார். நாற்பது வயது இருக்கும்.

"உள்ள வாங்க. என் சம்சாரம் ஸ்டெல்லா இல்லையே, கேன் போடப் போயிருக்கா. நான் படுத்துட்டதிலேருந்து அவதான் தூக்குறா" என்றவர், வந்தவரின் கையைப் பார்த்தார். "அட, இது நம்ம கிளையாச்சே. எங்க கிடைச்சுது?"

முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஏகாம்பரத்தால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

"அன்னைக்குத் தண்ணியில நான் தேடினது இதைத்தான் சார். தோள்ல கேன், குனிஞ்சு பார்க்க முடியாது. சிவப்புத் துணி வந்ததும் இடது பக்கம் ஒதுங்கிக்கலாம்னு நடந்துக்கிட்டே இருந்தேன். துணி வரலை. சரி, மூடி இன்னும் தள்ளி இருக்குன்னு அடுத்த காலை வச்சேன்."

ஏகாம்பரம் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"நான்தாங்க புடுங்கினேன்" என்றார். "ஃபோட்டோ எடுக்குறதுக்கு."

அருள்தாஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ குழாயடியில் குடத்தை வைத்தார்கள். அது நிரம்பி வழிந்தது.

"ஃபோட்டோ நல்லா வந்துச்சா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் மாதிரிதான் கேட்டார்.

"வந்துச்சு."

அருள்தாஸ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஏகாம்பரம் கிளையைக் கட்டில் அருகே நீட்டினார்.

"வீட்டுக்குள்ள இதை வச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது" என்றார் அவர், திரும்பாமலே.

ஏகாம்பரம் மிஷினுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம். வானம் இருண்டு வந்தது. அரைக்க வந்தவர்கள் டப்பாவை மூடிக்கொண்டு அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் போன பிறகு அம்மாள் மிஷினை நிறுத்தினார். ஏகாம்பரம் நடந்ததை எல்லாம் சொன்னார். சொல்லும்போதே அழுதார்.

"வாங்கிக்கலைம்மா. நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலை. திட்டவும் இல்லை, போகட்டும்னும் சொல்லலை."

அம்மாள் கீழே சிந்திய மாவைக் கூட்டி ஒதுக்கினார்.

"நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். இதை எங்க வீட்டுல சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சுக்கிறேன். தினமும் காலையில எழுந்ததும் இது முகத்துலதான் முழிப்பேன். சாகிற வரைக்கும். அதுதான் எனக்குத் தண்டனை. சரிதானேம்மா?"

அம்மாள் வாசலுக்குப் போய்க் கையை வெளியே நீட்டிப் பார்த்தார். தகரக் கூரையில் பொட்டுப் பொட்டென்று விழ ஆரம்பித்திருந்தது.

"அந்த மூடியை மாத்தியாச்சா சார்?"

"புதுசு இன்னும் வரலைம்மா."

"தடுப்பு?"

இருக்கிறது என்று சொல்லத்தான் ஏகாம்பரம் வாயைத் திறந்தார். காலையில் தான் குனிந்து கிளையை எடுத்த இடம் அப்போதுதான் அவர் கண்ணில் வந்தது. எடுத்த இடத்துக்கு நாலடியில் அந்த மூடி.

"இல்லை" என்றார்.

தூறல் பெருத்தது. அம்மாள் திரும்பி வந்து கிளையை வாங்கினார். துணியில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டிவிட்டார். உதறினார். சிவப்பு தெரிந்தது. மறுபடி அவரிடமே கொடுத்தார்.

"அப்ப இது ஏன் சார் இன்னும் உங்க கையில இருக்கு?"