பஞ்சத்துக்கு வேர் தேடிய சபை

"ஐந்துதான் ஐயா! பஞ்ச என்றால் ஐந்து. ஐந்து வருஷம் மழை பொய்த்தால் பஞ்சம்!" என்று ஒரு புலவர் கத்தினார்.

"இல்லவே இல்லை! பஞ்சிலிருந்து வந்தது. வயிறு பஞ்சு மாதிரி லேசாகிவிடுகிறதே!" என்று இன்னொரு புலவர் எழப் பார்த்தார். முடியவில்லை. காலையில் தின்ற நெய்ப்பொங்கல் அப்படி.

கோட்டை வாசலில் ஜனங்கள் புளியங்கொட்டையை வறுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

இது ரொம்பக் காலத்துக்கு முன்னால் தாழைநாட்டில் நடந்தது. வில்லவராயன்தான் ராஜா. கெட்டவர் இல்லை. ஆனால் கடைசியாக யார் பேசினாரோ அவர் சொல்வதுதான் அவருக்குச் சரி. அவருடைய தாத்தா களஞ்சியக் கதவில் ஒரே ஒரு வரி வெட்டி வைத்திருந்தார்: 'பஞ்சம் வந்தால் திற.' மழை இல்லை, ஏரி வெடித்துக் கிடக்கிறது. திறக்க வேண்டியதுதானே? திறக்கவில்லை.

காரணம் களஞ்சிய அதிகாரி கூத்தரசன். வெளிநாட்டு ராஜாக்கள் வந்தால் நெல் குவியலைக் காட்டிப் பீற்றிக்கொள்வார். அது குறைந்தால் எதைக் காட்டுவது? அதோடு, "திறக்கலாம்" என்று சொன்னவர் அமைச்சர் பொறையன். பொறையன் எதைச் சொன்னாலும் கூத்தரசனுக்கு எரியும்.

"மன்னா, வறட்சி வேறு, தட்டுப்பாடு வேறு, பஞ்சம் வேறு. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்ன, வேர் எது என்றே முடிவாகவில்லை. அதற்குள் பஞ்சம் வந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?" என்றார் கூத்தரசன்.

ராஜாவுக்கு இது பயங்கர அறிவாகத் தெரிந்தது. புலவர்களைக் கூப்பிட்டார். விவாதம் முடிகிறவரை தினமும் அரண்மனையில் விருந்து என்றார். பிறகு எந்தப் புலவர் முடிப்பார்?

பொறையன் கெஞ்சிப் பார்த்தார். வேலைக்காகவில்லை. அன்றைக்கு வேறு மாதிரி ஆரம்பித்தார்.

"மன்னா, புலவர்கள் நன்றாகத்தான் தேடுகிறார்கள். ஆனால் பாதி வேர் கைக்கு வரும்போது அப்பளம் வந்துவிடுகிறது. பேச்சு நின்றுபோகிறது. முடிவு தெரியும்வரை அடுப்பு மூட்டக் கூடாது, யாரும் எழக் கூடாது என்று உத்தரவு போடுங்களேன்."

"மன்னரும் சபையில்தானே இருக்கிறார்!" என்று கூத்தரசன் பதறினார்.

"ஏன், மன்னர் தாங்கமாட்டார் என்கிறீரா?"

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "யார் தாங்கமாட்டார்கள்? கதவைச் சாத்து! உள்ளே எதையும் விடாதே!"

உச்சி வெயில் சாய்ந்தது. ஐந்து என்று கத்திய புலவர், "பஞ்சும் பொருத்தம்தான்" என்றார். பஞ்சுப் புலவர், "ஐந்து என்றாலும் எனக்குச் சம்மதம்" என்றார். ராஜா நெளிந்தார், கொட்டாவி விட்டார், கடைசியில் கதவோரம் நின்ற சமையற்காரியைக் கூப்பிட்டார்.

"வேம்பி! ஒரு பிடி அவலாவது கொண்டு வா."

"உள்ளே எதையும் விடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, ராசா."

"இது அரண்மனையா, இல்லை பஞ்சம் பிடித்த ஊரா?" என்று ராஜா கத்தினார்.

பொறையன் எழுந்தார்.

"ஒரு வேளைச் சாப்பாடு தள்ளிப்போனதற்கே அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டீர்கள், மன்னா. வேர் எது என்று எந்தப் புலவரைக் கேட்டீர்கள்?"

ராஜா வாயைத் திறந்தார். அதற்குள் வயிறு உறுமியது.

"வெளியே இருக்கிறவர்கள் எப்போது சாப்பிட்டார்கள்?" என்று மெதுவாகக் கேட்டார். சபையில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"போன அமாவாசைக்கு முன்னாடி சோத்தைப் பார்த்ததுங்க" என்றாள் வேம்பி.

ராஜா இறங்கி வந்து, கூத்தரசன் இடுப்பிலிருந்த சாவியை உருவினார். தன் முத்திரை மோதிரத்தையும் கழற்றி, இரண்டையும் பொறையன் கையில் வைத்தார்.

"கூத்தரசா, மூட்டைகளை வாசல்வரை நீயே தூக்கு. வந்த ராஜாக்களுக்கெல்லாம் காட்டினாயே, கனம் எவ்வளவு என்று நீயும் பார்."

பிறகு பொறையன் காதருகில் குனிந்தார். "கஞ்சி வெந்ததும் முதல் பானை இங்கே வரணும். எனக்குக் கண் இருட்டுகிறது. மறந்துடாதே."

"உத்தரவு, மன்னா."

வாசலில் அடுப்புகள் எரிந்தன. கூத்தரசன் மூட்டையோடு தள்ளாடினார். முதல் பானை இறங்கியது. அரண்மனைச் சேவகன் ஓடி வந்தான்.

"ஐயா, ராஜாவோட பானை எங்கே?"

பொறையன் முன்னால் நின்ற கிழவரின் சட்டியை நிரப்பினார். அடுத்த சட்டியை வாங்கினார்.

"வரிசை அங்கே முடிகிறது" என்று கரண்டியால் காட்டினார்.