நோராவின் கடைசிப் பக்கம்

ஒஹையோவில் ஒரு சிறிய கல்லூரி. அங்கே ஹார்லன் ப்ரூயட் இசையமைக்கக் கற்றுக்கொடுத்துவந்தார். இளமையில் அவர் எழுதிய சிம்பனிகளை பாஸ்டனிலும் சிகாகோவிலும் வாசித்தார்கள். பிறகு தான் எழுதுவதைக் குறைத்துக்கொண்டு, மற்றவர்கள் எழுதுவதைக் கேட்க உட்கார்ந்துவிட்டார். அப்படியே இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது.

அவரிடம் படித்த நோரா கெல்சோவுக்கு முப்பத்தைந்து வயது. போன வருடம் ஏரியில் மூழ்கி இறந்த தங்கை ஈவாவை நினைத்து ஓர் இசை எழுதியிருந்தாள். அன்றுதான் அதன் முதல் ஒத்திகை. மூன்றாம் நாள் கச்சேரி.

ஒத்திகைக்கு அரைமணி நேரம் இருந்தது. நோரா மூச்சிரைக்க அவர் அறைக்குள் வந்தாள். கையில் இரண்டு கட்டுத் தாள்கள்.

"புரொபசர், முடிவு சரியாக வரவில்லை. பதினோரு தடவை எழுதிவிட்டேன். மிஞ்சியது இந்த இரண்டுதான். ஒன்று ஓங்கி முடிகிறது, இன்னொன்று அடங்கி முடிகிறது. எதைக் கொடுக்கட்டும்?"

"உனக்கு எது பிடித்திருக்கிறது?"

"இரண்டுமே பொய்யாகப் படுகிறது. எழுதி முடிக்கும்போதெல்லாம், அவளை நானே அனுப்பிவைக்கிற மாதிரி..."



அவர் இரண்டு கட்டுகளையும் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

நோரா இழுப்பறையை இழுத்துப் பார்த்தாள். "வாத்தியக்காரர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்! அவர்களிடம் என்ன சொல்வேன்?"

"ஒன்றும் சொல்லாதே. அவர்களிடம் இருப்பதை வாசிக்கட்டும்."

நோரா மேடையில் கையை உயர்த்தி இசையைத் தொடங்கிவைத்தாள். பக்கங்கள் குறையக் குறைய, 'மிச்சம் எங்கே?' என்று இதோ யாராவது கேட்டுவிடுவார்கள் என்று பயந்துகொண்டே இருந்தாள்.

கடைசி வரியில் மற்ற வாத்தியங்களெல்லாம் ஓய்ந்து, கிளாரினெட் மட்டும் தனியாக நீண்டது. அதுவும் நின்றது.

நோராவின் கை அந்தரத்திலேயே இருந்தது.

கிளாரினெட் வாசித்தவர் அதை மெல்ல மடியில் வைத்துக்கொண்டார். எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கும் டிரம்காரர் தலையைக் குனிந்திருந்தார். வெகுநேரம் யாரும் அசையவில்லை. பிறகு ஒவ்வொருவராக எழுந்து, ஓசைப்படாமல் பெட்டிகளை மூடிக்கொண்டு வெளியே போனார்கள்.

நோரா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ப்ரூயட்டிடம் ஓடினாள்.

"இன்னும் இரண்டே நாள்தான் இருக்கிறது, புரொபசர். முடிவுக்கு நான் என்ன செய்வேன்?"

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அது எங்கே என்று யாராவது கேட்டார்களா?"