இசக்கிராஜா தூக்கிய கை

“முதல்ல எனக்குக் கெடுதல் பண்ணினவன் இசக்கிராஜாதான் சாமி. மத்தவங்க எல்லாம் அப்புறம்.”

பலவேசம் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. ஒன்று வாசலில் கிடந்தது. இன்னொன்று காலிலேயே இருந்தது.

நயினார் சாமி அடுப்பில் சுள்ளி வைத்துக்கொண்டிருந்தார். மலையடிவாரத்தில் அந்த ஒரு ஓட்டுக் கட்டடம்தான் மடம். மத்தியானம் யார் வந்தாலும் கஞ்சி உண்டு. அறிவுரைக்கு உத்தரவாதம் கிடையாது.

“உட்காருங்க அண்ணாச்சி.”

“உட்கார முடியலை. உட்கார்ந்தா நெஞ்சு படபடன்னு அடிக்கு.”

“அப்ப நில்லுங்க.”

சாமிக்குப் பலவேசத்தைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். இருந்தாலும் பலவேசம்தான் கும்பிட வேண்டியிருந்தது. அதில் அவருக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. வருத்தங்களை அவர் கீழே போடுகிறவர் அல்ல.

சாமி டிவி பார்ப்பதில்லை. அதனால் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

பொருநைக் காளைகள் என்ற கபடி அணிக்குப் பலவேசம்தான் கோச். பெரிய ஊர்களில், மெத்தை விரித்து, விளக்குப் போட்டு ஆடுகிற ஆட்டம். இந்த வருஷம் காளைகள் ஒவ்வொரு அணியாகச் சாய்த்துக்கொண்டே போனார்கள். முதல் தடவையாக இறுதி ஆட்டம் வரைக்கும் போய்விட்டார்கள். அது போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இரண்டு பக்கமும் சமமான புள்ளி. மீதி இருந்தது ஒரே ஒரு பாட்டு, ‘கபடி கபடி’ என்று ஒரே மூச்சில் பாடி வந்து திரும்புகிற ஒரு முறை. எதிரணிக்காரன் பாடி வர வேண்டும். அவன் யாரையும் தொடாமல் திரும்பிவிட்டால் கூடுதல் நேரம் கிடைக்கும். கூடுதல் நேரத்தில் காளைகளின் மூச்சுக்கு முன்னால் எவனும் நிற்க மாட்டான்.

“வந்தான் சாமி. கையை வீசினான். யாரு மேலயும் பட்ட மாதிரி தெரியலை. நடுவர் பாக்கலை. கோட்டு ஓரத்துல நின்னவரு பாக்கலை. பாடி வந்தவனுக்கே தெரியலை, தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டுத் திரும்புதான். இந்தப் பய இசக்கிராஜா, நம்ம இடது மூலையில நின்னவன், கையைத் தூக்கிக்கிட்டு வெளிய நடக்கான்!”

“ஏன்?”

“பனியன்ல நகம் உரசிச்சாம். அந்த ஒரு புள்ளியில கோப்பை போச்சு.”

“உரசிச்சா?”

“அவன் பொய் சொல்ல மாட்டான்,” என்றார் பலவேசம் எரிச்சலோடு.

சாமி ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதினார். புகை வந்தது. தீ வரவில்லை.

“கையைத் தூக்கணும்னு எங்க பழகினானாம்?”

“நம்ம ஊர்க் களத்துலதான். அங்க நடுவர் ஏது? பட்டவன்தான் சொல்லணும். கையைத் தூக்கிக்கிட்டு வெளிய போயிரணும். மறைச்ச பயலுகளை இந்தப் பக்கமே வராதேன்னு விரட்டியிருக்கேன். அது வேற சாமி. அது புழுதியில ஆடுறது. இங்க நடுவர் இருக்காரு, கேமரா இருக்கு, பாக்கிறதுக்குன்னே சம்பளம் வாங்குதாங்க. பாக்காம விட்டா அது அவங்க பாடு.”

“சரிதான்.”

சாமி சரிதான் என்று சொன்னது பலவேசத்துக்குப் பிடிக்கவில்லை. மறுத்துப் பேசுவார் என்று நினைத்து வழியெல்லாம் பதில் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தார்.

சட்டைப் பையில் ஃபோன் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வந்ததிலிருந்து நாலைந்து முறை தொட்டுவிட்டார்.

“அஞ்சு மணிக்கு மேனேஜர் கிளாட்வின் கூப்பிடுவாரு. இசக்கிராஜா இருக்கணுமா, போகணுமான்னு நான் ஒரு வார்த்தை சொல்லணும். முதலாளி முடிவை என் தலையில கட்டிட்டாரு. போகட்டும்னு நான் சொன்னா அவனை வேற எந்த அணியும் எடுக்காது. கோப்பையைத் தூக்கிக் குடுத்தவன்னு பேரு வந்துட்டுல்லா? மறுபடி செங்கல் சூளைதான்.”

“என்ன சொல்லப்போறீக?”

“நீங்க சொல்லுங்க. ‘அவனை அனுப்பிருங்க அண்ணாச்சி’ன்னு ஒரு வார்த்தை. நிம்மதியாக் கஞ்சியைக் குடிச்சிட்டுப் போயிருவேன்.”

சாமி அடுப்புக்குள் கையை விட்டு ஆறிப்போன சாம்பலை ஒரு பிடி அள்ளினார். பலவேசத்தின் காலடியில், சுவரிலிருந்து சுவர் வரைக்கும், சாம்பலால் ஒரு கோடு போட்டார்.

“இந்தப் பக்கம் வந்து உங்க குறையைச் சொல்லுங்க. ஆனா ஒரே மூச்சு. முடிச்சிட்டீகன்னா நீங்க கேட்ட வார்த்தையை நான் சொல்லுதேன். நடுவுல மூச்சு விட்டா அந்தப் பக்கம் போயிரணும்.”

“யாரு நடுவர்?”

“எனக்கு அடுப்பு வேலை கிடக்கு,” என்று சாமி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

பலவேசத்துக்குச் சிரிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் அதுதான் முதல் சிரிப்பு. யாரிடம் வந்து மூச்சைப் பற்றிப் பேசுகிறார் இவர்! காலில் இருந்த செருப்பை உதறினார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். கோட்டைத் தாண்டினார்.

“இசக்கிராஜா கையைத் தூக்கினான் நடுவராவது மறுபடி பாக்கேன்னு சொல்லியிருக்கலாம் சொல்லலை முதலாளி ஆட்டத்துக்கு முன்னாடியே கோப்பை வைக்கக் கண்ணாடி அலமாரி செஞ்சு ஊரு கண்ணுபட வச்சாரு டிவிக்காரன் நான் தலையில கை வச்சதையே திரும்பத் திரும்பக் காட்டினான் அதைப் பாத்துட்டு என் மருமகன் என்கிட்டயே…”

மருமகனிடம் வந்து இருமல் பிடித்துக்கொண்டது.

“இருமிட்டீக,” என்றார் சாமி, திரும்பாமல்.

பலவேசம் கோட்டுக்கு வெளியே வந்து நின்றார்.

“மருமகன் என்ன பண்ணினாரு?”

“‘மாமா, கோப்பையைத்தான் விட்டீங்க, தட்டையாவது விடாமப் பிடிங்க’ன்னான். சாப்பாட்டு நேரத்துல.”

சாமியின் தோள் லேசாகக் குலுங்கியது. ஊதினாரா, சிரித்தாரா, தெரியவில்லை.

இரண்டாவது தடவை மருமகனை விட்டுவிட்டார். டிவிக்காரனையும் விட்டுவிட்டார். முதலாளி அலமாரிக்குக் கண்ணாடி போடுகிற இடத்தில் ஃபோன் அடித்தது. மூச்சு போய்விட்டது. கோட்டுக்கு வெளியே வந்து எடுத்தார்.

கிளாட்வின்தான்.

“அண்ணே, முதலாளி ஊருக்குக் கிளம்புதாரு. அஞ்சு மணி வரைக்கும் இருக்க மாட்டாரு. இப்ப திரும்பக் கூப்பிடுதேன், ஒரு முடிவா இருங்க.”

பலவேசம் ஃபோனை வேட்டியில் துடைத்துப் பைக்குள் போட்டார்.

“சாமி, நேரமில்லை. இந்த விளையாட்டு வேண்டாம். சும்மா சொல்லிருங்க.”

“சுமை ஜாஸ்தி அண்ணாச்சி. இத்தனை பேரைத் தூக்கிக்கிட்டு யாராவது பாடுவாங்களா?”

பலவேசம் யோசித்தார். நடுவரை இறக்கினார். முதலாளியை இறக்கினார். மனசில்லாமல்தான் இறக்கினார். அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் இறக்கினார்.

இசக்கிராஜா மட்டும் மிச்சம்.

மூச்சை இழுத்தார். கோட்டைத் தாண்டினார். இந்தத் தடவை அவசரப்படவில்லை. களத்தில் இறங்குகிற மாதிரி, வார்த்தையை அளந்து அளந்து விட்டார்.

“இசக்கிராஜாவை நான்தான் சூளையிலிருந்து கூட்டிட்டு வந்தேன் என் களத்துலதான் ஆடினான் என் பேரைச் சொல்லித்தான் அணியில சேந்தான் ஒரே ஒரு புள்ளியை மறைச்சிருந்தா எனக்கு ஒரு கோப்பை வந்திருக்கும் மறைக்கலை பஸ்ஸுல பின்னாடி உட்கார்ந்து வந்தான் வலது கையைத் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு…”

மூச்சு அடியைத் தட்டிவிட்டது. நெஞ்சு எரிந்தது. இன்னும் கொஞ்சம்தான். நாலு வார்த்தை.

அப்போது பலவேசம் ஒரு இழை மூச்சு இழுத்தார்.

மூக்கு வழியாக. நூல் மாதிரி. உதடு நிற்கவில்லை, பாட்டு அறுபடவில்லை. தமிழ்நாட்டில் எந்த நடுவராலும் கண்டுபிடிக்க முடியாத மூச்சு. அவர் வாலிபத்தில் எத்தனையோ பேர் அதைக் கண்டுபிடிக்கத் தவம் கிடந்தார்கள்.

“…கோச்சய்யா நகம் பட்டுச்சுன்னான் அவ்வளவுதான் சொன்னான் அவனை…”

நிறுத்திவிட்டார்.

சாமி ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தார்.

“சொல்லுங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”



சாமி திரும்பிப் பார்த்தார். பலவேசம் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். அவருடைய வலது கை தலைக்கு மேலே இருந்தது. அதை யார் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்பதுபோல அவரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணாச்சி? எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

“மூச்சு விட்டேன்,” என்றார் பலவேசம் எரிச்சலோடு.

கையை இறக்காமலே கோட்டைத் தாண்டி வெளியே போனார்.

அடுப்பு பற்றிக்கொண்டது.

ஃபோன் அடித்தது. இடது கையால் எடுத்தார்.

“அண்ணே, முதலாளி பக்கத்துலதான் நிக்காரு. இருக்கணுமா, போகணுமா?”

“இருக்கட்டும்.”

“யோசிச்சுத்தான் சொல்லுதீகளா?”

“இருக்கட்டும்னு சொல்லுதேன்லா! ஆனா அந்தப் பயகிட்ட ஒண்ணு சொல்லிருங்க. எனக்கு அவன் ஒரு கோப்பை பாக்கி. அதை நான் விடலை.”