பந்திக்குக் கூப்பிட்ட பேர்

“நான் திட்டவே இல்லையேம்மா! சாப்பிடத்தானே கூப்பிட்டேன்?”

அன்னதான மடத்தை நடத்தும் தில்லையம்மாளிடம் சொல்லியும் சிங்காரவேலுவுக்கு மனசு ஆறவில்லை. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். தெருக்கோடி வரை கேட்கும் குரல். அதனால்தான் மடத்தில் பந்திக்கு ஆள் கூப்பிடும் வேலையை அவரிடம் கொடுத்திருந்தார்கள். இன்றைக்கு அந்தக் குரலே காரியத்தைக் கெடுத்துவிட்டது.

மடத்து வாசலில் பாசிமணி விற்கும் ஜனங்கள் தங்களை வாக்ரி என்று சொல்லிக்கொள்வார்கள். அவர்களைப் பார்த்து, ஊர் இளக்காரமாக வைத்த பேரைச் சொல்லி, “குருவிக்காரங்கள்லாம் வாங்கப்பா!” என்று கூவியிருக்கிறார் மனுஷர்.

எழுந்து வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பிறகு மணிகளை வாரிக்கொண்டு கண்மாய்க்கரைப் பக்கம் போய்விட்டார்கள். போட்ட இலைகள் காலியாகக் கிடந்தன.

பந்திக்குக் கூப்பிட்ட ஜனங்கள் பசியோடு திரும்பினால் தில்லையம்மாள் அன்று சாப்பிடுவதில்லை. அது அந்த மடத்து வழக்கம்; வாசலில் உட்காருபவர்களுக்கும் தெரியும். பொழுது சாயத் தொடங்கிவிட்டது. அம்மாளின் முகம் வாடியிருந்தது.

“ஊரே அப்படித்தாம்மா சொல்லுது. எங்க தாத்தா காலத்து வார்த்தை. அதுல என்ன தப்பு?”

அம்மாள் சோற்று வாளியை எடுத்துக்கொண்டு ஒரு காலி இலையின் முன் போய் நின்றார். சிங்காரவேலுவைவிட வயதில் சின்னவர்.

“இதுல உட்காருங்க.”

உட்கார்ந்தார்.

“நீங்க இங்க வந்த அன்னிக்கு ஒரு பேரைச் சொல்லி அழுதீங்க. ஞாபகம் இருக்கா?”

இருந்தது. அம்மைத் தழும்பு விழுந்த முகத்துக்குச் சின்ன வயசில் ஊர் வைத்த பேர். வாத்தியார்கூட அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார். யாரும் கோபமாகச் சொன்னதில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள்.

“அதுவும் ஊரே சொன்ன வார்த்தைதானே?” அம்மாள் கரண்டியில் சோற்றை அள்ளினார். “அதைச் சொல்லியே பரிமாறட்டுமா?”

“வேண்டாம்மா.”

எழுந்தார். கண்மாய்க்கரைக்கு நடந்தார்.

பந்திக்கு முதலில் எழுந்து வந்த பெண் அங்கே குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவளெதிரே போய் நின்றதும் கண்டக்டர் குரல் எங்கேயோ போய்விட்டது.

“தாயி, என் பேரு சிங்காரவேலு. உங்க பேரு என்னம்மா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“ரொம்ப வருசமா உங்க வாசல்லதான் உக்காந்திருக்கேன், சாமி. இன்னிக்குத்தான் கேக்குறீங்க.”

அவர் தலை குனிந்தபடி நின்றார். நகரவில்லை.

“காந்திமதி” என்றாள் கடைசியில். பிறகு குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கேட்டாள்:

“அந்தம்மா இன்னும் சாப்பிடலையா?”