கோதண்டத்துக்குத் தூக்கம் வந்த கதை

சொக்கட்டான்குடி மேளக்காரர்கள் மூன்று பேர். நாயனம் மருதையன், தவில் கோதண்டம், தாளம் குஞ்சப்பா. அறிவு மட்டும் மூவருக்கும் சேர்த்து அரைப்படி.

கோதண்டத்துக்கு நாலு நாளாகப் பொட்டுத் தூக்கமில்லை. போன கல்யாணத்தில், தாலி கட்டும்போது கெட்டிமேளம் கொட்டத் தவறி வாங்கிக்கட்டிக்கொண்டவர். வருகிற வெள்ளிக்கிழமைக் கல்யாணத்திலும் தவறினால் இனி எவரும் மேளத்துக்கு அழைக்க மாட்டார்கள். அந்தக் கவலையில் தூங்கவில்லை. தூங்காவிட்டால் தவறிவிடுமே என்று மேலும் கவலை. பாவம் மனுஷன்.

மூவரும் டாக்டரிடம் போனார்கள். அவர் சொன்னார்: "கவலையை வாசல்லயே விட்டுட்டு உள்ளே போங்க. தூக்கம் வந்தா மட்டும் கட்டில்ல படுங்க. வந்துட்டா யாரும் எழுப்பாதீங்க."

அன்றே கோதண்டம் கவலையை வாசலில் விட்டார்.

"அண்ணே, அதை யாராச்சும் எடுத்துட்டுப் போயிட்டா?" என்றார் குஞ்சப்பா.

"போனா நல்லதுதானே?" என்றார் மருதையன்.

"என்ன நல்லது? அது கல்யாணக் கவலை. வேற மேளக்காரன் கொண்டுபோனா கல்யாணமும் அவன் பின்னாடியே போயிடும்!"

மருதையனுக்கு அது நியாயமாகப் பட்டது. குஞ்சப்பா கம்போடு காவல் நின்றார். "கவலை பத்திரமா இருக்கா மச்சான்?" என்று கோதண்டம் உள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அப்படியே விடிந்துவிட்டது.

அடுத்த சிக்கல் கட்டில். தூக்கம் எங்கே வரும் என்று யார் கண்டது? எனவே கோதண்டம் போன இடமெல்லாம் கட்டிலும் போனது. டீக்கடைக்குப் போனது, பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனது. அவர் கண் சிமிட்டினால் போதும், "வந்துடுச்சா?" என்று இருவரும் கத்துவார்கள். எட்டிப்பார்த்த தூக்கமும் ஓடிப்போகும்.

வெள்ளிக்கிழமை கட்டில் மணவறைக்குப் பக்கத்தில் நின்றது. சீர்வரிசை என்று நினைத்து யாரோ அதன்மேல் குத்துவிளக்கை வைத்தார்கள். மருதையன் தாலாட்டு ராகமான நீலாம்பரியை வாசித்தார். கோதண்டத்தின் தலை தவிலில் சாய்ந்தது. இருவரும் விளக்கை இறக்கிவிட்டு, அவரை அலுங்காமல் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். குறட்டை கேட்டதும் மருதையன் ஆனந்தத்தில் அழுதேவிட்டார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்தினார் ஐயர். மாப்பிள்ளை கையில் தாலி.

குஞ்சப்பா பதறி ஓடிவந்தார். "மெதுவா, சாமி! கெட்டிமேளம் தவறக் கூடாதுன்னுதான் ஒரு வாரமா பாடுபட்டு இவரைத் தூங்க வெச்சிருக்கோம். முழிச்சதும் கொட்டுவாரு. மாப்பிள்ளை, அதுவரைக்கும் தாலியை அப்படியே பிடிச்சுக்கிட்டு இருங்க. கை வலிச்சா சொல்லுங்க, நான் மாத்திப் பிடிக்கிறேன்!"