தோளில் நான்கு தழும்பு

ஆற்றங்கரை மடத்தில் மலைக்கொழுந்து என்றொரு சீடர் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர். மடத்துக்கு வருமுன் நெல் மண்டி நடத்தியவர். ஆட்களை ஏவிப் பழகிய குரல் அவரைவிட்டு இன்னும் போகவில்லை. அவருடைய குரு தவமணி அம்மை வயதில் அவரைவிட இளையவர். பேச்சு குறைவு.

ஐப்பசி மழை தொடங்கும் நேரத்தில் அம்மை அவரை அழைத்தார்.

“மலைமேல் கரட்டுப்பாறை என்று ஓர் ஊர். போன கோடையில் குட்டைத் தண்ணீரைக் குடித்து இரண்டு பிள்ளைகள் இறந்துபோனார்கள். அடுத்த கோடைக்குள் அங்கே ஒரு கிணறு வேண்டும். நீ பார்த்துக்கொள்.”

மலைக்கொழுந்து மறுநாளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் முகம் தெளிவாக இல்லை.

“அம்மா, அங்கே ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். தலை என்று ஒருவர் இருந்தால்தான் நாலு பேர் பின்னால் வருவார்கள். அப்படி ஒருவரை நான் எப்படி அடையாளம் காண்பது?”

அம்மை வானத்தைப் பார்த்தார்.

“மழை விட்டதும் ஒரு ராணி எறும்பைப் பிடித்து வா.”

கிணற்றுக்கும் எறும்புக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் மழை விட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார். கட்டெறும்பு வரிசையில் இருந்ததிலேயே பெரிய தலை உள்ளதாகப் பார்த்து, இலையில் ஏற்றிக் கொண்டுவந்தார். அது அவர் விரலைக் கடித்துத் தொங்கியது.

“இதுதானே ராணி? மிரட்டலைப் பாருங்கள்.”

“இது காவல்காரி. தலைதான் பெரிது. கொண்டுபோய் வரிசையில் விடு.”

அடுத்து, இறக்கை பளபளக்க விளக்கைச் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார்.

“இவள் இன்னும் பறந்து முடிக்கவில்லை. விட்டுவிடு.”

இப்போது அவருக்கே ஆவல் பிடித்துக்கொண்டது. இந்தத் தோட்டத்தில் இத்தனை எறும்பு இருந்ததை இதுவரை அவர் கவனித்ததே இல்லை. குனிந்து குனிந்து தேடினார். ஈரச் சுவரோரம் ஒருத்தி தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். பருத்த மார்பு, கனத்த வயிறு, இறக்கை இல்லை. ஒவ்வொரு விரிசலிலும் தலையை நுழைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். பின்னால் ஒரு எறும்புகூட வரவில்லை. அவர் முகத்தை அருகில் கொண்டுபோனார். தோளில், பக்கத்துக்கு இரண்டாக நான்கு தழும்பு.

அம்மை அவளைப் பார்த்ததும் சிரித்தார்.

“இவள்தான்.”

“இறக்கை எங்கே போயிற்று?”

“அவளே பிய்த்துப் போட்டுவிட்டாள்.”

மருந்துக் குப்பி ஒன்றைக் கழுவி, அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதன்மேல் பஞ்சை அடைத்து, ராணியை உள்ளே விட்டார்கள். வாயை உலர்ந்த பஞ்சால் மூடினார்கள். கறுப்புத் துணியில் சுற்றி மாடத்தில் வைத்தார்கள்.

“சாப்பிட என்ன வைப்பது, அம்மா?”

“ஒன்றும் வேண்டாம்.”

“பட்டினி கிடந்து செத்துப்போவாளே?”

“பறப்பதற்கென்று வைத்திருந்த சதை உடம்பில் இருக்கிறது. இனி அது எதற்கு? அதைக் கரைத்துத்தான் பிள்ளை வளர்ப்பாள்.”

சில நாளில் ராணியின் காலடியில் நொய்யரிசியைவிடச் சின்னதாக வெள்ளை முட்டைகள் தெரிந்தன. மலைக்கொழுந்துக்குக் கால் தரையில் பாவவில்லை. காலையில் பார்த்தார், சாப்பிட்டதும் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். ஒருநாள் துணியை விலக்கியபோது முட்டை ஒன்றுகூட இல்லை. ராணி மூலையில் ஒடுங்கியிருந்தாள்.

குப்பியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

“அம்மா, தின்றுவிட்டாள்! பெற்றவளே தின்றுவிட்டாள்!”

“துணியை எத்தனை தடவை விலக்கினாய்?”

அவர் அவசரமாகக் குப்பியை மேல்துண்டால் மூடினார்.

“ஆபத்து என்று நினைத்துவிட்டாள், பாவம்.”

“எல்லாம் போயிற்றா?”

“எங்கே போகும்? அவள் வயிற்றில்தானே இருக்கிறது. மறுபடி இடுவாள். நீ பஞ்சில் ஈரம் இருக்கிறதா என்று மட்டும் எப்போதாவது பார்.”

அதற்குப்பின் அவர் மாடத்தின் பக்கம் போகவே பயந்தார். கை பரபரத்தால் தோட்டத்தில் போய் மண்ணைக் கொத்தினார். மார்கழி பிறந்தது. ஈரம் பார்க்க வேண்டிய நாளில் மூச்சை அடக்கிக்கொண்டு துணியைச் சற்றே தூக்கினார். ராணியைச் சுற்றி ஐந்தாறு எறும்புகள் நடமாடிக்கொண்டிருந்தன. ஆனால் எல்லாம் பொடிசு. கட்டெறும்பு என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

“ஏதாவது நோயா, அம்மா? இத்தனை சிறிதாக இருக்கின்றனவே.”

“தாய் பட்டினி கிடந்து வளர்த்தவை. அப்படித்தான் இருக்கும். ஒரு துளி தேன் வை.”

ஈர்க்குச்சி நுனியில் தேன் தொட்டு வைத்தார். ஒரு பொடிசு வந்து குடித்தது. திரும்பிப் போய் ராணியின் வாயோடு வாய் வைத்தது. இத்தனை நாளில் வெளியிலிருந்து அவள் வாயில் பட்ட முதல் உணவு அதுதான். மலைக்கொழுந்து இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் குரல் கேட்டது.

“சாமி, வடக்கயிறு ஒண்ணு கெடைக்குமா?”

நடுவயதுப் பெண் ஒருத்தி நின்றாள். முழங்கால்வரை செம்மண். கரட்டுப்பாறை மாடத்தி என்று பெயர் சொன்னாள்.

“கயிறு எதற்கு அம்மா?”

“கெணறு தோண்டுதேன். இடுப்பாழம் வந்துட்டு. இனி மண்ணை மேல இழுக்கணும்லா.”

“யார் யார் சேர்ந்து தோண்டுகிறீர்கள்?”

“நாந்தான். இப்பம் என் தங்கச்சி மக்க ரெண்டும் கூட வருதுக. கூடை தூக்கத் தெம்பு இல்ல, மண்ணைக் கையாலயே அள்ளிப் போடுதுக.”

“ஊரில் ஆண்பிள்ளைகள்?”

“பாத்துச் சிரிக்காக.”

“கடப்பாரை ஏது உனக்கு?”

அவள் சிரித்துக்கொண்டே இரண்டு காதையும் தொட்டுக் காட்டினாள். தோள்வரை தொங்கிய காதில் துளை மட்டும் இருந்தது.

“பாம்படம் கெடந்துச்சு. கழத்தி வித்துட்டேன்.”

மலைக்கொழுந்து கயிற்றை எடுத்துக் கொடுத்தார். ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

“இருக்கட்டும் சாமி. இருட்டுமுன்ன மலையேறணும்.”

கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் போய்விட்டாள். அவர் நேரே அம்மையிடம் போனார்.

“அம்மா, கரட்டுப்பாறையிலிருந்து ஒருத்தி வந்தாள். பாவம், ஒற்றையாளாக மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். நான் போனபோது பார்த்தது சரிதான், அங்கே தலை என்று ஒருவரும் இல்லை. யாரைப் பிடிப்பது என்றுதான் இன்னும் புரியவில்லை.”

அம்மை கையிலிருந்த வேலையை நிறுத்தினார்.

“அவள் காது எப்படி இருந்தது?”

“காதா? வெறும் துளைதான். பாம்படத்தைக் கழற்றி…”

அவர் கை தானாகத் தன் தோளைத் தொட்டது.

அம்மை வாசல் பக்கம் பார்த்தார்.

“இன்னும் ஆற்றைத் தாண்டியிருக்கமாட்டாள்.”