கரடி தின்ற களஞ்சியமும் கோல் காத்த ஆமையும்

இலுப்பைக் காட்டு விலங்குகளுக்கும் கரட்டு மேட்டு விலங்குகளுக்கும் நடுவில் ஒரே ஒரு குளம். கோடையில் யார் முதலில் தண்ணீர் குடிப்பது என்று எப்போதும் சண்டை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆண்டுக்கு ஒரு கால்பந்து ஆட்டம். ஜெயித்தவருக்குத் தெளிந்த தண்ணீர். தோற்றவருக்கு, ஜெயித்தவர்கள் கலக்கிவிட்டுப் போன சேறு.

இலுப்பைக் காட்டு அணிக்கு ஆள் சேர்ப்பதும், சேர்ந்தவருக்குச் சாப்பாடு போடுவதும் பவளம் என்ற பெருச்சாளியின் பொறுப்பு. களஞ்சியம் அவள் கையில் இருந்தது.

பவளம் கெட்டவள் இல்லை, பயந்தவள். ஒரு வருஷம் ஊரே சொன்னதென்று ஒரு கரடியைக் கோல்கீப்பராகச் சேர்த்தாள். அது களஞ்சியத்தில் பாதியைத் தின்றது. ஆட்டத்தன்று இலுப்பைப் பூவை வயிறு முட்டத் தின்றுவிட்டு, கோலுக்குள்ளேயே படுத்துக் குறட்டை விட்டது! அந்த மழைக்காலம் முழுவதும் குட்டிகள் பசியில் அழுதன. அந்த அழுகை பவளத்தின் காதை விட்டுப் போகவே இல்லை.

இந்த வருஷம் ஒரு குரங்கு தானாகவே தேடி வந்தது. முயல் துடியன்தான் அணிக்குத் தலைவன். அவன் உதைத்த பந்தை எல்லாம் அது எட்டிப் பிடித்தது, வாலாலும் பிடித்தது!

"அக்கா, இவனை விட்டுடாதீங்க!" என்று துள்ளினான் துடியன்.

"சாப்பாடு?" என்றாள் பவளம்.

"தினமும் ஒரு கூடை கடலை, அக்கா" என்றது குரங்கு.

பவளம் களஞ்சியத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கடலைக் கூடை கண்ணில் படவில்லை. கரடியின் வாய்தான் தெரிந்தது.

"பார்க்கலாம்" என்றாள்.

மறுநாளும் குரங்கு வந்தது. "பார்க்கலாம்." அதற்கடுத்த நாளும் அதே பதில். பிறகு அது வரவில்லை.

பவளம் ஓர் ஆமையைக் கூட்டி வந்தாள்.

"அக்கா! கோலுக்கு ஆமையா?" என்றான் துடியன்.

"ஏன்டா, என்ன குறைச்சல்? ரெண்டு கீரை போட்டா போதும். ஆயுசும் நூறு வருஷம். ஒரு தடவை சேர்த்துட்டா நம்ம பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் வேற ஆளே தேட வேண்டாம்!"

துடியன் ஆமையைப் பார்த்தான். ஆமை பயந்துபோய்த் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

ஆட்ட நாள் வந்தது. கரட்டு மேட்டுக் கோலில் நின்றது அதே குரங்கு! துடியன் மூச்சு வாங்க ஓடி ஓடி உதைத்தான். ஒவ்வொரு பந்தும் குரங்கின் கைக்கே போனது. ஆட்டம் முடியப் போகும் நேரம், கரட்டு மேட்டு ஆடு ஒரு பந்தை லேசாகத் தட்டிவிட்டது. அது உருண்டுதான் வந்தது.

"பிடிங்க! பிடிங்க!" என்று காடே கத்தியது.

சத்தம் கேட்டதும் ஆமை தலை, கால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டது. பந்து பக்கத்திலேயே உருண்டு கோலுக்குள் போனது!

"இலுப்பைக் காட்டுல கல்லுதான் காவலா?" என்று ஆடு கனைத்துச் சிரித்தது.

அந்தக் கோடையில் இலுப்பைக் காட்டுக் குட்டிகள் சேற்றுத் தண்ணீர் குடித்து இருமின. கடலையாவது கொடுப்போம் என்று பவளம் களஞ்சியத்தைத் திறந்தாள். அடியில் இருந்ததெல்லாம் ஈரம் பட்டுப் பூசணம் பிடித்துக் கிடந்தது. அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

துடியன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அழாதீங்க, அக்கா. அந்தக் கரடி வருஷம் என் தங்கச்சியும்தான் பட்டினி கிடந்தா. நீங்க பயந்தது தப்பில்லை."

"பின்னே எதுடா தப்பு?"

"குரங்கு வந்து நின்னப்பவும் நீங்க கரடியைத்தானே பார்த்தீங்க!"

பவளம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்ல கடலையாகப் பொறுக்கி ஒரு கூடையில் நிரப்பினாள். மூச்சிரைக்கக் கரட்டு மேடு ஏறினாள். குரங்கு கிளையில் உட்கார்ந்திருந்தது.

"தம்பி, அடுத்த வருஷமாவது எங்க பக்கம் வருவியா?"

குரங்கின் இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. கரட்டு மேட்டார் கொடுத்த கடலை.

"பார்க்கலாம், அக்கா!" என்றது குரங்கு.

ஜாக்கிரதை நல்லதுதான், ஆனால் பழைய நஷ்டத்தையே நினைத்துக்கொண்டு வேண்டிய நேரத்திலும் கையை மூடிக்கொண்டால், சேர்த்த பொருளும் உதவாது, தேடி வந்த நல்லவரும் நிற்க மாட்டார்.